பழசு வேறு, அரிது வேறு: எல்லையோரத்தில் காமிக்ஸ் வேட்டை தொடங்குகிறவர்களுக்கு

பழைய காமிக்ஸ் சேகரிக்க ஆசைப்பட்டு முதல் தடவையாக ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறவர்கள், பழசையும் அரிதையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் பூத்த தாளைக் கண்டதும் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதே கட்டில் மூன்று புத்தகம் தள்ளிக் கிடக்கும் நல்ல சரக்கு கண்ணில் படுவதில்லை. வாளையார் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் நம் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே தேடுவது, என்ன விலை கொடுப்பது என்பதெல்லாம் பிறகு. அரிது என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

குறைவாக அச்சடித்தால்தான் ஒரு புத்தகம் அரிதாகும் என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கில் அச்சாகி, பல கை மாறி, மடித்துப் பாக்கெட்டில் செருகி, கிழிந்து, பொட்டலம் கட்டவும் எடைக்கும் போய், கடைசியில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு மிஞ்சுகிறதே, அதுதான் அரிது. ஜனங்கள் ஆசை ஆசையாக அனுபவித்துத் தீர்த்த பொருள். அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த பொருள் எத்தனை வருடம் ஆனாலும் அரிதாவது கஷ்டம்.

இதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணங்கள் இரண்டு உண்டு. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-இல் வந்தது. விலை பத்து சென்ட். பிள்ளைகள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, போர்த் தேவைக்குப் பழைய தாள் சேகரிக்கிறோம் என்று வீடு வீடாக வாங்கினார்கள். கட்டுக் கட்டாகக் காமிக்ஸ் அதில் போனது. மிஞ்சிய பிரதிகளில் ஒன்று 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்தது 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ். அதற்குள் பழைய காமிக்ஸுக்குக் காசு உண்டு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஐந்து விதமான அட்டைகளோடு எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் வெளியானது. வாங்கினவர்கள் பிரிக்காமல் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். முப்பது வருடம் தாண்டியும் அது இன்றைக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது, எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருப்பதால்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், 'லிமிடெட் எடிஷன்', 'கலெக்டர்ஸ் ஸ்பெஷல்' என்று அட்டையிலேயே அச்சடித்து வருகிற எதைப் பார்த்தும் மயங்க மாட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் புறப்பட்டது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதை அது. லூயி கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளனுக்கு ஒரு கை உலோகம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். கதையைக் கேட்டாலே போதும், பத்து வயதுப் பையன் புத்தகத்தை என்ன பாடு படுத்தியிருப்பான் என்று ஊகிக்கலாம். 1984 ஜூலையில் இரண்டு இதழ்கள் சேர்ந்தாற்போல வந்தன. ஒன்று சிவகாசியின் லயன் காமிக்ஸ். 'கத்தி முனையில் மாடஸ்டி' முதல் இதழ். இன்னொன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். ஜேம்ஸ்பாண்டின் 'அழகியைத் தேடி' முதல் இதழ். ராணி 2005 வரைக்கும் ஓடி, 500 இதழ்களைத் தொட்டது.

ஒரு பிரதியைத் தெருவே படித்த காலம் அது. கோடை லீவு விட்டால் திண்ணையில் சாக்கு விரித்து, புத்தகத்துக்கு இவ்வளவு காசு என்று வாடகைக்கு விட்ட பையன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வாத்தியார் பறித்துக் கிழித்ததும் உண்டு. பள்ளிக்கூடம் முடிந்த வருடம் அம்மா எடைக்குப் போட்டதும் உண்டு. ஆகவே அட்டை, நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றும் சரியாக உள்ள ஒரு எண்பதுகளின் லயன் கிடைத்தால், அது இத்தனையையும் தாண்டி வந்திருக்கிறது என்று பொருள். அம்புலிமாமாவின் கதை கொஞ்சம் வேறு. 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. பெரியவர்களும் மதித்தார்கள், வருட வாரியாகப் பைண்டு பண்ணி வைத்தார்கள். அதனால் எழுபது எண்பதுகளின் அம்புலிமாமா, அதே வயதுள்ள காமிக்ஸைவிடச் சுலபமாக அகப்படுகிறது. வயது ஒன்றுதான், பிழைத்த விதம்தான் வேறு.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேரவேண்டும்: தேடுகிறவர்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் கேட்க ஆளில்லை என்றால் அதற்கு விலை இல்லை. எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டுச் சம்பாத்தியத்தோடு இருக்கிறார்கள். சின்ன வயதில் கைநழுவிப் போனதை இப்போது வாங்க முடிகிறது. அந்தக் காலத்துத் தமிழ் காமிக்ஸ் நாயகர்களான ஸ்பைடர், ஆர்ச்சி, மாயாவி ஆகியோரின் கதைகளுக்கு விலை ஏறியதற்குக் காரணம் அந்தத் தலைமுறைதான்.

எல்லையில் இருப்பதன் லாபம்

எல்லைப் பகுதிக்கு இதில் தனி இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் இன்றைக்குப் போய் நின்றால், கடைக்காரருக்கு உங்களைவிட நன்றாகக் காமிக்ஸ் தெரியும். நல்லது வந்ததும் வாடிக்கையாக வாங்குகிறவருக்குப் படம் அனுப்பிவிடுவார். அங்கே கிடைக்காது என்று சொல்லவில்லை, மலிவாகக் கிடைக்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன, தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கிய தமிழ் இதழ்களை அங்கேயும் படித்தார்கள். ஆனால் அந்த வீடு காலி செய்யப்படும்போது புத்தகம் போய்ச் சேருவது ஆக்ரிக் கடைக்கு. பாலக்காட்டுப் பக்கம் பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் கடையை அப்படித்தான் சொல்வார்கள். அங்கிருந்து டவுனில் பழைய புத்தகம் விற்கிறவர் வந்து மலையாளப் புத்தகங்களைத் தனியாக எடுத்துக்கொள்வார். தமிழ் எழுத்து கண்டால் அது எடைக்கட்டோடு போய்விடும். இந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இதற்கு நேர்மாறு: மலையாளச் சிறுவர் இதழ்களான 'பூம்பாட்டா'வும் 'பாலரமா'வும் எடைக்கட்டுக்குள் போகும். இரண்டு எழுத்தும் ஓரளவு தெரிந்த ஒருவர் இரண்டு பக்கமும் போய்வந்தால், மற்றவர்கள் கைவிடுகிறதை எடுத்துவிடலாம். எல்லையில் வாழ்கிற நமக்கு அந்தத் தகுதி இயல்பாகவே இருக்கிறது.

கடையில் கேட்கும்போது வெறுமனே "காமிக்ஸ் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். "அண்ணா, புள்ளைங்க படிக்கிற படக்கதைப் புஸ்தகம் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தக் கட்டுல பாருங்க, பிரிச்சா திரும்பக் கட்டி வெச்சிடுங்க" என்பார். கட்டித்தான் வைக்கவேண்டும். கேட்காமல் கயிற்றை அறுத்தால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. அந்தப் பக்கம் "சேட்டா" என்று அழைத்து, தெரிந்த மலையாளத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாகவேண்டும், தேடலே இதில் தடம் மாறிப் போகும். 'மாயாவி' என்று கேட்டால் மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் வரலாம். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி. ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்று வந்தவர் முகமூடி அணிந்த காட்டு வீரர். லீ ஃபாக் 1936-இல் படைத்த ஃபாண்டம் அவர், முத்துவில் அவருக்கு வேதாளர் என்று பெயர். பாலக்காட்டில் கேட்டால் பாலரமாவின் மாயாவியை எடுத்து நீட்டுவார்கள். அது குட்டிச்சாத்தான், லுட்டாப்பியும் குட்டூசனும் கூட இருப்பார்கள். ஆகவே போனில் பேசி முடிக்காமல் அட்டைப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு மொழியையும் சேர்த்துச் சேகரிக்க ஆசையிருந்தால் ஒரு ஜோடியைச் சொல்கிறேன். பூம்பாட்டாவை நடத்திய பை அண்ட் கோ நிறுவனம் தமிழில் 'பூந்தளிர்' வெளியிட்டது. வாண்டுமாமா அதன் ஆசிரியர். வாலை நீளமாக்கி நண்பர்களைக் காப்பாற்றும் குரங்குக் குட்டி கபீஷ் இரண்டிலும் உண்டு. அனந்த் பை எழுதி மோகன்தாஸ் வரைந்த பாத்திரம். 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸும் அமர் சித்திரக் கதையும் மலையாளம், தமிழ் இரண்டிலும் வந்தன. ஒரே படம், இரண்டு எழுத்து. அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்த தொகுப்பு எல்லையோரத்துக்காரர் ஒருவருக்குத்தான் இயல்பாக அமையும். பார்க்கவும் அவ்வளவு அழகு.

கையில் எடுத்ததும் பார்க்கவேண்டியவை

அட்டையைப் பார்த்ததும் மனம் துள்ளும். துள்ளட்டும், ஆனால் முதலில் நடுப்பக்கத்தைத் திறங்கள். முதுகில் பின் அடித்த புத்தகத்தில் நடுவில் இருக்கும் தாள்தான் முதலில் கழன்று தொலையும். அது போயிருந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. பிறகு பக்க எண்களை ஒருமுறை ஓட்டுங்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா, குறுக்கெழுத்தும் கூப்பனும் வெட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேபிள் பின் துருப்பிடித்து அதைச் சுற்றித் தாள் பழுப்பாகியிருந்தால், அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் பொடிந்துவிடும். மூக்கருகே கொண்டுபோங்கள், பழந்தாளின் வாசம் வேறு, பூஞ்சணத்தின் வாடை வேறு. பூஞ்சணம் பிடித்ததை எவ்வளவு அரிதானாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும்.

அடுத்து, மறுபதிப்பா என்று தெரிந்துகொள்வது. முத்து, லயன் கதைகள் பல தடவை மறுபதிப்பாகியிருக்கின்றன; 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்று தனி வரிசையே வந்தது. 2012-க்குப் பிறகு பளபளப்பான தாளில் முழு வண்ணத்தில் வந்தவை பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றவற்றுக்கு விலை, இதழ் எண், உள்ளே வந்த 'அடுத்த வெளியீடு' விளம்பரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மூன்றும் ஒரே காலத்தைச் சொல்லவேண்டும். அட்டையை மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுத்து உள்தாளோடு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்து, உள்தாள் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதல் பக்கத்தில் பேனாவால் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தால் விலை குறையும் என்பது சந்தை வழக்கம். நான் அப்படிப் பார்ப்பதில்லை. "ஏழாம் வகுப்பு ஆ பிரிவு" என்று கோணல்மாணலாக எழுதிய ஒரு பெயர், அந்தப் புத்தகம் யாருக்குப் பொக்கிஷமாக இருந்தது என்பதற்குச் சாட்சி. அதை ரப்பர் வைத்து அழிக்காதீர்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வாடகை நூலக முத்திரையும் அப்படியே இருக்கட்டும்.

காமிக்ஸ் மட்டும்தானா? இல்லை. ஜனரஞ்சகமாகப் புழங்கிய எதையும் சேகரிக்கலாம், அதே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தியேட்டர் வாசலில் விற்ற சினிமா பாட்டுப் புத்தகம் மெல்லிய தாளில் ஒரு படத்துக்கு மட்டும் அடித்தது, பாட்டு மனப்பாடமானதும் குப்பைக்குப் போனது. சுவரொட்டி இன்னும் மோசம். ஒட்டினால் தீர்ந்தது, ஒட்டாமல் மிஞ்சியதுதான் கிடைக்கும். எம்.ஜி.ஆரின் குடும்ப வீடு இருக்கும் வடவன்னூர், கொல்லங்கோட்டுக்குப் பக்கம்தான். அவர் படத்துக்கு மலையாளத்தில் அடித்த நோட்டீஸ் இந்தப் பகுதியில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிப் படங்கள் செலவில்லாமல் தொடங்க நல்ல வழி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பொம்மை பிடிக்கும் என்றால், 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இந்தியாவில் தயாரித்த ஜி.ஐ.ஜோ வீரர்களைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணங்களில் வந்ததால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். கையில் இருந்த குட்டித் துப்பாக்கி தொலையாமல் இருந்தால் மதிப்பே தனி.

இனி, வைத்துக் காப்பாற்றுவது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று அதன் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. பழைய காமிக்ஸ் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட் தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி முறுக்கு மாதிரி நொறுங்க வைக்கும். ஈரம் அதை வேகப்படுத்தும். ராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். அதனால் பரண் வேண்டாம், அது கோடையில் அடுப்பு, மழையில் ஊற்று. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். உள்சுவர் ஓரமாகத் தரையிலிருந்து உயர்த்திய அலமாரியில், புத்தகங்களைப் படுக்கையாகச் சின்னச் சின்ன அடுக்குகளாக வையுங்கள். உறை வாங்கினால் பாலிப்ரொப்பிலீன் உறையாகக் கேளுங்கள். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து அட்டையின் மையை இழுத்துக்கொள்ளும்.

கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருடத்தில் அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேஷனும் அப்படியே. துருப்பிடித்த பின்னை மழுங்கிய கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். புதிதாக வந்த புத்தகத்தை நேரே அலமாரியில் சேர்க்காமல், தனியாக ஒரு கவரில் சில வாரம் வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பது நல்ல பழக்கம். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட விடுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போட்டுவைப்பது நம் வீடுகளில் காலகாலமாக உள்ள வழிதான்.

விலையைப் பற்றி: வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லப்படுகிற தொகை விற்கிறவரின் ஆசை, விற்ற விலை அல்ல. ஒரே இதழ் நாலு பேரிடம் என்ன விலைக்குக் கைமாறியது என்று சில மாதம் கவனித்துவிட்டு வாங்குங்கள். பணம் அனுப்பும் முன் அட்டை, முதுகு, நடுப்பக்கம், கடைசிப் பக்கம் நான்குக்கும் படம் கேளுங்கள், தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம். ஆக்ரிக் கடையில் எடைக்கு எடுக்கும்போது, கிலோ விலைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அடுத்த கட்டு வரும்போது அவர் உங்கள் நம்பரைத் தேடுவார்.

என்னைக் கேட்டால் தொடக்கத்தில் பணத்தைவிட இரட்டைப் பிரதிகள்தான் உதவும். ஏற்கெனவே உள்ள இதழே நல்ல நிலையில் மறுபடி கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள், மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் கிடைக்கிற பூம்பாட்டாவைக் கொடுத்து அந்தப் பக்கத்து நண்பரிடம் லயன் வாங்குவது எல்லையில் நடக்கக்கூடிய நல்ல வியாபாரம், இரண்டு பேருக்கும் சந்தோஷம். அதற்கு ஒரு சின்ன நோட்டு வேண்டும்: உங்களிடம் உள்ள இதழ் எண்கள் ஒரு பக்கம், தேடுகிறவை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிறது. அதையொட்டி லயன்-முத்து வாசகர்கள் ஒன்றுகூடுவதும் வழக்கம். அந்த நோட்டையும் இரட்டைப் பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். பல வருடமாகச் சேர்க்கிறவர்கள் அங்கே இருப்பார்கள், கேட்டால் தாராளமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.